மரம் வெளுக்கிற வேலை

மரத்துக்கு நிறம் ஏற்றுகிறவர்கள் திருநெல்வேலியில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மரத்தில் இருக்கிற நிறத்தை எடுப்பதற்கென்று கடை திறந்து உட்கார்ந்திருப்பவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்தன்தான்.

பதினைந்து வருஷம் நானும் சாதாரண பாலிஷ்காரனாகத்தான் இருந்தேன். பிறகு ஊரில் எல்லாருக்கும் வெளிர் நிறத்தின் மேல் ஆசை வந்தது. தச்சநல்லூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட்டைப் பிடித்து, நானும் என் கூட்டாளி செல்வினும் வெளுப்பு வேலையில் இறங்கினோம். வேலை இதுதான்: பழைய வார்னிஷைச் சுரண்டி எடுக்க வேண்டும். காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரைப் பூச வேண்டும். அது ஊறியதும் மேலே பெராக்சைடு. மரம் சுர்ரென்று நுரைக்கும். மறுநாள் பார்த்தால் வெளுத்திருக்கும். வினிகர் கலந்த தண்ணீரால் கழுவி, காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, நிறமில்லாத வார்னிஷ் அடித்துக் கொடுத்துவிட வேண்டும். சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. நீங்களும் ஏதாவது ஒரு கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் சொல்லுக்கெல்லாம் தலையாட்டிப் பிழைக்கிறவராக இருந்தால், நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். மீதிப் பாதி நடக்காமல் இருக்கட்டும்.

போனில் இருந்த வீடு

பெருமாள்புரத்தில் ஒருவர், இருபது வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து வீடு கட்டியிருந்தார். வாசற்கதவு, சாப்பாட்டு மேஜை, ஆறு நாற்காலி எல்லாமே செங்கோட்டையில் போய் அவரே பார்த்துப் பார்த்து எடுத்த தேக்கு. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, போனில் ஒரு படம் காட்டினார். பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டில் ஒரு வீடு. உள்ளே சாமான்களெல்லாம் தயிர்சாத நிறத்தில் இருந்தன. “இந்தக் கலர்” என்றார். தேக்கு அவ்வளவு தூரம் போகாது, கோதுமை நிறத்தோடு நிற்கும், அதற்கு மேல் வெளுத்தால் மரத்தின் வரி செத்துவிடும் என்று சொன்னேன். ஒரு துண்டுப் பலகையில் செய்தும் காட்டினேன். “இன்னும்” என்றார்.

மூன்று தடவை மருந்து போட்டோம். மூன்றாவது தடவை கழுவும்போது மேஜையின் மேல் பஞ்சு மாதிரி நார் எழும்பி நின்றது. செல்வின் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, “இது இப்போ மரமே இல்லலே” என்றான். வாங்கவேண்டிய ஏச்சை வாங்கிக்கொள்வோம் என்று அவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். போனைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“சூப்பர் அண்ணாச்சி. இனிமே தேக்குன்னு சத்தியம் பண்ணாலும் எவனும் நம்ப மாட்டான்.”

கட்டில்

டவுணில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற ஒரு வீடு. மருமகள் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவள் கூடவே வந்த கட்டிலை வெளுக்க வேண்டும் என்றார்கள். நல்ல வேலைப்பாடு. சேரன்மகாதேவியில் ஓர் ஆசாரியிடம் சொல்லி, பெண்ணின் அப்பா தினமும் போய்ப் பக்கத்தில் நின்று செய்து வாங்கியதாம். காப்பிக்கொட்டை நிறத்தில் பாலிஷ் போட்டிருந்தார்கள். மாமியார் அம்மாள் வாசலிலேயே நின்றுகொண்டு, “அறைக்குள்ள வந்தாலே இருட்டிக்கிட்டு வருது அண்ணாச்சி. நம்ம வீட்டுல எல்லாமே வெளுப்பாத்தான் இருக்கும்” என்றார்கள். அந்தப் பெண் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்ல கறுப்பு. கறுப்பில் களையான முகம். நான் நீளம் சொல்லச் சொல்ல அவள்தான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள்.

உள்ளே போன் அடித்தது. மாமியார் போனார்கள். மருந்து போட்டால் கட்டில் பலம் குறையுமா என்று அந்தப் பெண் கேட்டாள். மேலாகத்தானே போடுகிறோம், குறையாது என்றேன். அவள் தாளை மடித்து என்னிடம் கொடுத்தாள். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை, கடையில் விலை கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

“எங்க அப்பா என்னையும் கட்டிலையும் ஒரே கலர்ல அனுப்பிட்டாவளாம். கட்டிலுக்காவது மருந்து இருக்கே அண்ணாச்சி.”

கடைசி நாலு பெஞ்சு

பாளையங்கோட்டைக்கு வெளியே செல்வின் குடும்பம் போகிற சின்னக் கோயில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நூறு பேர் வந்தால் நிறைந்துவிடும். பெஞ்சுகளின் முதுகுப்பலகை பல வருஷத்துத் தலையெண்ணெயும் வியர்வையும் ஏறிக் கறுத்துக் கிடந்தது. எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு முன்னால் எல்லாவற்றையும் வெளுத்துத் தர ஒத்துக்கொண்டோம். கடைசி நாலு பெஞ்சுக்கு வந்தபோது வினிகர் தீர்ந்துவிட்டது. செல்வின் நாளைக்குப் பார்க்கலாம் என்றான். நான்தான் அவசரப்பட்டு, வெறும் தண்ணீரில் கழுவினால் போதும் என்று கழுவி, காய்ந்ததும் வார்னிஷையும் அடித்தேன். வினிகர் முறிக்காத காஸ்டிக் மரத்துக்குள் இருந்தால் வார்னிஷ் காயாது. பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், உடம்புச் சூடு பட்டால் இளகும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது கடைசி நாலு வரிசையில் மட்டும் சர்ரென்று ஒரு சத்தம் கேட்டதாம். பட்டுச்சேலை, கதர் வேட்டி, ஒரு புது சுடிதார், எல்லாம் பெஞ்சோடு ஒட்டிக்கொண்டன. செல்வின் முன் வரிசையில் நின்றிருக்கிறான். அன்றைக்குச் சாயங்காலமே வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டான். எங்கேயும் என் பெயரைச் சொல்லவில்லை. திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். போதகர் எங்களை உட்காரச் சொன்னார். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம்.

“ஜனங்க பாதியிலேயே எழுந்திரிச்சுப் போகக் கூடாதுன்னு நான் ஜெபம் பண்ணது வாஸ்தவந்தான். ஆனா இப்படிக் கேக்கலையே தம்பி.”

மூடி

இதைக் கொஞ்சம் பைய சொல்ல வேண்டும்.

பெராக்சைடு கேனின் மூடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். வெயிலில் உள்ளே உண்டாகிற வாயு அது வழியாகப் போய்விடும். அந்தச் சித்திரையில் புதுக் கேனை நான் ஆட்டோவில் ஏற்றி வந்தபோது, வண்டி பள்ளத்தில் குலுங்கி, அந்த ஓட்டை வழியாக மருந்து சிந்தி, பின் சீட் வெளுத்துவிட்டது. ஆட்டோக்காரர் தெருவே கேட்க ஏசினார். அந்த எரிச்சலில் ஷெட்டுக்கு வந்ததும் மூடியைக் கழற்றி வீசிவிட்டு, வேறொரு காலிக் கேனில் இருந்த ஓட்டையில்லாத மூடியை எடுத்துப் போட்டேன். செல்வினிடம் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை, சொல்லத் தோன்றவில்லை. சாயங்காலம் அவன் அதிலிருந்து கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, வழக்கம்போல இறுக்கி மூடி வைத்துவிட்டுப் போனான். மறுநாள் பத்து மணிக்கே கூரைக்குக் கீழே நிற்க முடியாத வெக்கை. நான் அளவெடுக்க வண்ணார்பேட்டைக்குப் போயிருந்தேன். செல்வின் குனிந்து கேனைத் திறந்திருக்கிறான். பாதுகாப்புக் கண்ணாடி ஆணியில் தொங்கியது. பூசும்போது போடுவான், திறக்கும்போது போட மாட்டான். மூடி தெறித்து மருந்து முகத்தில் அடித்துவிட்டது. பக்கத்து லேத் பட்டறைக்காரர் அலறல் கேட்டு ஓடிவந்து, குழாயடியில் அவனைப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். வலது கண் தப்பியது. இடது கண் போய்விட்டது.

மத்தியானம் ஷெட்டைப் பூட்டுவதற்காக ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். அந்த மூடி வாளிக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய் வாய்க்காலில் எறிந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, யாரும் கேட்கப்போவதும் இல்லை. ஆனாலும் எறிந்தேன். திரும்பிப் போனபோது அவனுக்கு இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருந்தார்கள். செருப்புச் சத்தத்தை வைத்தே நான்தான் என்று கண்டுகொண்டான். கையை நீட்டினான். பிடித்துக்கொண்டேன்.

“சங்கரா, என் தப்புதாம்லே. நான்தான் ரொம்ப முறுக்கி மூடிட்டேன் போலுக்கு.”

ரேகை

அதன் பிறகு எல்லா வேலையும் நான் தனியாகத்தான். கையுறை போட்டால் உப்புத்தாள் பிடிபடாது, கழற்றி வைத்துவிடுவேன். காஸ்டிக் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வழுவழுவென்று ஆகிவிட்டது. ரேஷன் கடையில் கைரேகை மெஷினில் பெருவிரலை வைத்தேன், சிவப்பு விளக்கு எரிந்தது. மற்ற விரல்களையும் வைத்தேன். தேங்காயெண்ணெய் தடவி வைத்தேன், வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தேன். பின்னால் வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது. அந்தக் கடையில் இருக்கிற பெண்ணுக்கு என்னைப் பத்து வருஷமாகத் தெரியும். என் மனைவி பெயர் தெரியும், நான் மூட்டை அரிசியில் கல் பார்க்கிறவன் என்பதுகூடத் தெரியும். என் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“ஒரு கோடுகூட இல்லையே அண்ணாச்சி. நீங்கதான்னு நான் எதை வச்சு ஒத்துக்கிட?”

மழை பெய்தால்

டவுணில் மேல ரத வீதிக்குப் பின்னால் ஒரு பழைய வீடு. அண்ணன் தம்பி இருவர். அப்பா காலமான பிறகு பாகப்பிரிவினையில் சண்டை வந்து, வீடு தம்பிக்கு என்று ஆனது. அண்ணன் வெளியேறிவிட்டார். வாசற்கதவில் அண்ணன் பெயர் பித்தளை எழுத்துகளில் இருந்தது. தம்பி அவற்றை நெம்பி எடுத்துவிட்டார். எழுத்துகள் போய்விட்டன, எழுத்துக்குக் கீழே அடித்திருந்த இரும்பு ஆணிகளைச் சுற்றி மரம் கறுத்துவிட்டிருந்தது. வரிசையாகக் கரும்புள்ளிகள், கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி. அதை எடுக்கத்தான் கூப்பிட்டார். இரும்புக் கறைக்கு ஆக்சாலிக் ஆசிட் போட்டால் ஒரு மணி நேரத்தில் போய்விடும். போட்டேன், போய்விட்டது. கதவு முழுக்க ஒரே நிறமாக்கி, வார்னிஷ் அடித்துக் கொடுத்தேன். ரொம்பத் திருப்தி அவருக்கு. காப்பி வரவழைத்துக் கொடுத்தார்.

ஐப்பசி மழை தொடங்கி நாலாம் நாள் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் கதவு ஈரத்தில் ஊறி, பழைய புள்ளிகள் அதே இடத்தில் வந்து நிற்கின்றன. ஆணிகள் தலை ஒடிந்து மரத்துக்குள்ளேயே இருந்திருக்கின்றன. ஈரம் பட்டதும் மறுபடி துரு விடுகின்றன. கதவைக் குடைந்துதான் எடுக்க வேண்டும், எடுத்தால் கதவு கதவாக இருக்காது என்று சொன்னேன். அவர் புள்ளிகள் மேல் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டே போனார். பெயர் முடிந்ததும் கையை எடுத்தார். “அண்ணனைக் கூப்பிட்டுப் பேசிப் பாக்கலாமே” என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் காதில் விழவே இல்லை.

“வெயிலடிச்சா மறைஞ்சு போறான். மழை பெஞ்சா வாசல்ல வந்து நிக்கான். இதுக்கு உம்மகிட்ட மருந்து கிடையாதா வே?”

எஸ்தர் சொன்னது

செல்வின் மனைவி எஸ்தர் என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடும். கண் போன பிறகு செல்வின் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் கேட்டில் உட்கார்ந்துவிட்டான். வருகிற லாரியின் நம்பரை எழுதிவிட்டுக் கேட்டைத் திறக்கிற வேலை. அவன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் நான் போவேன். பண்டிகைக்கு ஏதாவது வாங்கிக் கொடுப்பேன், பிள்ளைகள் படிப்பைக் கேட்பேன், கிளம்பிவிடுவேன். இப்படியே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன்.

போன கிறிஸ்துமஸுக்குப் போனபோது குடிக்கத் தண்ணீர் கொடுத்தது. பாட்டில் மூடி சும்மா மேலே வைத்த மாதிரி இருந்ததால், தூக்கியதும் என் சட்டையெல்லாம் தண்ணீர். துண்டு எடுத்து வந்து கொடுத்தது. அடுப்படியில் எட்டிப் பார்த்தேன். ஊறுகாய் ஜாடி, எண்ணெய் டப்பா, சீனி டப்பா, ஒன்றிலும் மூடி இறுகவில்லை. எல்லாவற்றிலும் எறும்பு. எஸ்தர் சிரிக்கப் பார்த்தது. சிரிப்பு வரவில்லை.

“ஒண்ணையும் இறுக்கி மூட விட மாட்டேங்காவ அண்ணே. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுத் தொட்டுப் பாக்காவ. இந்தக் கைதான என் கண்ணைக் கெடுத்துச்சுன்னு தன் கையையே ஏசுதாவ.”

கேட்

மறுநாள் ஷெட்டைத் திறக்கவில்லை. கங்கைகொண்டானுக்கு வண்டியை விட்டேன். உச்சி வெயில். கேட்டை ஒட்டி ஒரு தகரக் கூண்டு, அதன் நிழலில் ஸ்டூல் போட்டு செல்வின் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டு ஒரு பக்கம், சாம்பார் ஊற்றிய டம்ளர் ஒரு பக்கம். என்னைப் பார்க்க முழுத் தலையையும் திருப்ப வேண்டியிருந்தது. “என்னலே, வழி தெரிஞ்சுட்டா?” என்று இன்னொரு ஸ்டூலைக் காலால் தள்ளினான். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு எதையாவது பேச ஆரம்பித்துவிடுவேன் என்று தெரியும். “செல்வின், அந்தக் கேன் மூடியை மாத்தினது நான்தான். ஓட்டை இல்லாத மூடி. நீ எப்படி மூடியிருந்தாலும் அது வெடிச்சுத்தான் இருக்கும். மூடியைத் தூக்கி வாய்க்கால்ல போட்டதும் நான்தான்” என்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததால் திக்காமல் வந்துவிட்டது.

அவன் வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். அந்த நேரம் பார்த்து ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. எழுந்து போனான். நம்பர் பலகைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்து எழுதினான். கேட்டைத் திறந்தான், லாரி உள்ளே போனதும் மூடினான், கொண்டியைப் போட்டான். திரும்பி வந்து, மிச்சச் சோற்றை நாய்க்கு வைத்துவிட்டுக் கை கழுவினான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். ஏசியிருந்தால் கேட்டிருப்பேன். அழுதுவிடுவானோ என்றுதான் பயமாக இருந்தது. “எஸ்தருக்குத் தெரியுமா?” என்றான். இல்லை, உனக்குத்தான் முதலில் என்றேன். “அவகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்” என்றான். வலது கையை விரித்து, உள்ளங்கையையும் புறங்கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு தலையை முழுவதும் திருப்பி என்னைப் பார்த்தான்.

“ரெண்டு வருஷமா இந்தக் கையைத்தாம்லே ஏசிக்கிட்டுக் கெடந்தேன். உனக்கு இன்னைக்கு மனசு லேசாகணும்னு தோணிருக்கு, வந்துட்ட. ஆச்சுல்லா? கிளம்பு. இனிமே இங்கன வராத.”

மொத்தத்தில் தொழிலுக்கு ஒரு குறையும் இல்லை. நாளைக்கு ஒரு டாக்டர் வீட்டுச் சாப்பாட்டு மேஜை வருகிறது, ஏற்கெனவே வெளுப்புதான், இன்னும் கொஞ்சம் வெளுக்க வேண்டுமாம்.